மொட்டைக் கடுதாசியும் போலிக் கணக்கும்: எந்த வழிக்குக் கை தூக்குவது?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிற தேயிலை எஸ்டேட் ஊரான வண்டிப்பெரியாற்றில் சின்னதாக ஒரு கணினி மையம் நடத்துகிறேன். ரேஷன் கார்டு திருத்தம், பி.எஃப். விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை என்று எஸ்டேட் ஜனங்கள் நாள் முழுக்க வந்து போவார்கள். போனில் முளைக்கிற தொல்லைகளையும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அதனால்தான் எங்கள் வாசகசாலையில் போன மாதம் அந்தப் பேச்சு எழுந்தபோது வேலை என் தலையில் விழுந்தது. சமூக ஊடகங்களை அரசு எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும், பெயரை மறைத்துக்கொண்டு எழுதுகிறவர்களை என்ன செய்ய வேண்டும் என்று தொகுதி எம்.பி.க்கு ஒரு மனு அனுப்பலாம் என்று முடிவானது. எந்த வழியைக் கேட்பது என்பதில்தான் ஒத்துப்போக முடியவில்லை. ஒருவர் ஆதாரைக் கட்டாயமாக்கச் சொல்கிறார், இன்னொருவர் ஜெயிலில் போடச் சொல்கிறார், மூன்றாமவர் ஒன்றும் வேண்டாம், விட்டுவிடுங்கள் என்கிறார். ஒவ்வொரு வழியையும் எங்கள் ஊரில் நடந்த இரண்டு விஷயங்களோடு வைத்துப் பார்த்தேன்.

முதலாவது 2022 மழைக்காலத்தில் நடந்தது. கொழுந்து எடுக்கிற அக்கா ஒருவரின் மகள், நர்சிங் படிக்கிற பிள்ளை. அவள் படத்தை வைத்து யாரோ ஒரு போலிக் கணக்கு திறந்து, அவள் பேரிலேயே எழுதக் கூடாததை எழுதினார்கள். தாயும் மகளும் என் கடைக்கு வந்தபோது மணி இரவு எட்டு. அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்க்கவில்லை. நான், அவளுடைய தோழிகள், என் தம்பி என்று எல்லோரும் சேர்ந்து அந்தக் கணக்கை ரிப்போர்ட் அடித்தோம். விதிமீறல் எதுவும் இல்லை என்று இயந்திரம் எழுதின மாதிரி ஒரு பதில் வந்தது. போலீஸுக்குப் போனோம். சிம் கார்டு தமிழ்நாட்டில் வாங்கியதா கேரளத்தில் வாங்கியதா என்பதில் தொடங்கி, இது எங்கள் எல்லையா அவர்கள் எல்லையா என்பதிலேயே பாதி நாள் போனது. கணக்கு இறங்க 11 நாள் ஆனது. அதற்குள் லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) முழுக்கப் பார்த்துவிட்டார்கள். அந்தப் பருவம் முடியும்வரை அவள் கல்லூரிக்குப் போகவில்லை.

இரண்டாவது அதற்கு அடுத்த வருடம். பேர் சொல்லாத யாரோ ஒருவர் ஒரு பக்கம் தொடங்கி, ஒழுகுகிற லயங்களின் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டார். கூரைக்கடியில் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற படம், சுவர் பிளந்த படம், கக்கூஸ் கதவுக்குப் பதிலாகச் சேலை தொங்குகிற படம். எழுதியது யார் என்று எஸ்டேட்டில் பலரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தவர்களும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் மூன்று லயங்களுக்குத் தகரம் மாற்றினார்கள். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: எஸ்டேட்டில் வேலையும் வீடும் ஒரே முடிச்சு. லயம் கம்பெனியுடையது. வேலை போனால் கூரையும் போய்விடும். பேர் போட்டுப் பேச மூணாறு எஸ்டேட் பெண்களால் முடிந்தது. 2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள், வாங்கியும் காட்டினார்கள். ஆயிரம் பேர் சேர்ந்தால் முகம் காட்டலாம். தனியாக ஒருத்தி தன் வீட்டுக் கூரையைப் பற்றி எழுதும்போது அந்தத் துணிச்சலை அவளிடம் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

ஆக, ஒரே மறைவுதான். ஒருவன் அதற்குள் ஒளிந்து ஒரு பிள்ளையைச் சிதைத்தான், இன்னொருவர் அதற்குள் நின்று ஊருக்கு நல்லது செய்தார். முன்பெல்லாம் மொட்டைக் கடுதாசி என்போம். கல்யாணத்தைக் கலைத்ததும் அதுதான், லஞ்சம் வாங்கிய அதிகாரியைப் பிடித்துக் கொடுத்ததும் அதுதான். எந்த வழியை எடுத்தாலும் இந்த இருவரையும் அது என்ன செய்யும் என்று கேட்டுப் பார்க்காமல் கை தூக்கக் கூடாது.

வாசகசாலையில் அதிகம் பேர் சொன்னது ஆதார் வழியைத்தான். கணக்கு தொடங்கும்போதே ஆதார் எண் கொடுக்க வேண்டும், உண்மைப் பேர்தான் இருக்க வேண்டும். கேட்க எளிமையாக இருக்கிறது. இது புதிய யோசனையும் இல்லை. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இதையே கேட்டு மனுக்கள் போட்டார்கள். 2019இல் ஃபேஸ்புக் உச்ச நீதிமன்றத்துக்குப் போய் வழக்கை அங்கே மாற்றக் கேட்டது. அதற்கிடையில், 2018 செப்டம்பர் ஆதார் தீர்ப்பில், தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்டு வாங்க இடம் கொடுத்த பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2017 ஆகஸ்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லியிருந்தார்கள்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், செய்து பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. தென் கொரியாவில் 2007இல் பெரிய இணையதளங்களில் கருத்து எழுத வேண்டுமென்றால் அடையாள எண் கொடுத்து உறுதி செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வசவு நின்றுவிடும் என்று நினைத்தார்கள். 2011இல் அங்கே ஒரு பெரிய சமூகத் தளத்தின் கணினிகளை உடைத்து ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்களைத் திருடிவிட்டார்கள். அந்த நாட்டு மக்கள்தொகையே சுமார் ஐந்து கோடிதான். 2012 ஆகஸ்டில் அந்தச் சட்டம் செல்லாது என்று அவர்களுடைய அரசியலமைப்பு நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னது. சட்டம் வந்த பிறகும் தவறான பதிவுகள் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை என்பது அந்தத் தீர்ப்பில் சொன்ன காரணங்களில் ஒன்று.

எங்கள் ஊருக்கு வந்தால் இன்னும் சிக்கல். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரின் சிம் அவர்கள் பேரில் இல்லை. கம்பத்தில் இருக்கிற தம்பி பேரில் வாங்கியிருப்பார்கள், இறந்துபோன வீட்டுக்காரர் பேரில் ஓடிக்கொண்டிருக்கும், இல்லை வீட்டுக்கே ஒரு போன், அதில் நாலு பேர். போலிக் கணக்கு திறக்கிறவன் நல்லபடியாகத் தன் ஆதாரைக் கொடுத்தா திறப்பான்? எவளோ ஒரு கிழவியின் நகலை எடுத்து வைத்துத்தான் திறப்பான், விசாரணைக்கு அந்தக் கிழவியைக் கூப்பிடுவார்கள். கூரைப் படம் போட்டவரோ முதல் நாளே போட்டிருக்க மாட்டார். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: நல்லவரைத் தடுக்கும், கெட்டவனைத் தடுக்காது.

அடுத்தது தண்டனை வழி. இதில் கேரளத்துக்குத் தனிச் சரித்திரமே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: எரிச்சல் ஊட்டும், சங்கடம் ஏற்படுத்தும் செய்தி அனுப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபரை, அப்போதைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகக் கைது செய்தார்கள். அடுத்த மாதம் மகாராஷ்டிராவின் பால்கரில் இரண்டு இளம்பெண்கள். பந்த் எதற்கு என்று ஒருத்தி ஃபேஸ்புக்கில் கேட்டாள், இன்னொருத்தி அதற்கு லைக் போட்டாள், அவ்வளவுதான். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் 66ஏவை ரத்து செய்தது. அதே தீர்ப்பில் கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி) உட்பிரிவும் செல்லாமல் போனது பலருக்குத் தெரியாது. அதுவும் இதே எரிச்சல், தொந்தரவு என்ற சொற்களை நம்பி நின்றதுதான்.

ஐந்து வருடம் கழித்து, 2020 நவம்பரில், அதே சட்டத்தில் 118ஏ என்று ஓர் அவசரச் சட்டம் கொண்டு வந்தார்கள். எந்தத் தொடர்பு ஊடகம் வழியாகவும் ஒருவரை மிரட்டினால், அவமதித்தால், அவதூறு செய்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெண்களைக் கேவலப்படுத்துகிறவர்களைப் பிடிக்கத்தான் என்றார்கள். அந்த நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் எழுதியிருந்த வார்த்தைகளில் எஸ்டேட் மேலாளரும் அவமதிக்கப்பட்டவர் ஆகலாம், பஞ்சாயத்து மெம்பரும் ஆகலாம். ஆளும் கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. ஆளுநர் கையெழுத்துப் போட்ட இரண்டாம் நாளே, அமல்படுத்த மாட்டோம் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் அறிவித்தார். அதே வாரத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

அந்த 118ஏ நிலைத்திருந்தால் நர்சிங் பிள்ளைக்கு உதவியிருக்குமா? யோசித்துப் பார்த்தேன். அவளுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. அடுத்தவர் அடையாளத்தைத் திருடுவதற்கும், கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66சி, 66டி பிரிவுகள் அப்போதே இருந்தன, இரண்டிலும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. புதிதாக ஒரு குற்றத்தை எழுதி வைப்பதால் அவளுக்கு ஒரு நாள்கூட மிச்சமாகியிருக்காது.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது, முல்லைப் பெரியாறு. அணையிலிருந்து கீழே வருகிற ஆற்றங்கரையில்தான் நாங்கள் இருக்கிறோம். எங்கள் சொந்தக்காரர்களோ அந்த அணைத் தண்ணீரில் விவசாயம் செய்கிற தேனி, மதுரைப் பக்கம் இருக்கிறார்கள். 2011 டிசம்பரில் அணைத் தகராறால் குமுளி எல்லை வழி அடைபட்டுக் கிடந்த நாட்களில், வாய்வழி வந்த வதந்தியே எவ்வளவு செய்யும் என்று பார்த்தோம். 2021 அக்டோபர் மழையில் அணையை அகற்று என்ற ஹேஷ்டேக் கேரளம் முழுக்க ஓடியது, சினிமாக்காரர்களும் பகிர்ந்தார்கள். பயத்தைப் பரப்புகிறவர்கள் மீது நடவடிக்கை வரும் என்று முதலமைச்சர் சட்டசபையில் சொன்னார். வதந்தி பரப்பக் கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அணைக்குக் கீழே பிள்ளை குட்டியோடு இருக்கிற ஒரு தமிழன், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்றால் எந்தப் பேரில் சொல்வான்? பேர் போட்டால் அந்தப் பக்கத்துச் சொந்தம் துரோகி என்கும். பயமில்லை என்று எழுதினால் இந்தப் பக்கத்து அயல்வாசி ஒரு மாதிரி பார்ப்பார். இப்படிப்பட்ட இடத்தில் புனைபெயர் கோழைத்தனம் ஆகாது. மனிதன் மூச்சுவிட அவனுக்கு இருக்கிற இடம் அது.

மூன்றாவது வழி, தடம் பிடிப்பது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் இருக்கிற செய்திச் செயலிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்க வேண்டும். நீதிமன்றமோ உரிய அதிகாரியோ உத்தரவிட்டால்தான், அதுவும் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பாலியல் வன்கொடுமை, குழந்தைகள் தொடர்பான ஆபாசம் போன்ற பெரிய குற்றங்களுக்குத்தான். பார்த்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. வாட்ஸ்அப் அதே வருடம் மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. யாரோ ஒருவரைக் கண்டுபிடிக்க எல்லோருடைய செய்தியிலும் குறி போட்டு வைக்க வேண்டியிருக்கும், பூட்டிய உறையின் பொருளே போய்விடும் என்பது அவர்கள் வாதம். கம்பெனி சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை என்றாலும் இதில் எனக்கு அவர்கள் பக்கம் நியாயம் தெரிகிறது. தபால் நிலையம் ஒவ்வொரு கடிதத்துக்கும் நகல் எடுத்து வைத்துக்கொள்வதை நாம் ஒத்துக்கொள்வோமா?

முதலில் அனுப்பியவர் என்பதும் வழுக்குகிற சொல். வெளிநாட்டிலிருந்து வந்த செய்தி என்றால், இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரே தொடக்கக்காரர் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. துபாயில் இருக்கிற மச்சான் எங்கோ உடைந்த அணையின் வீடியோவை அனுப்புகிறார். குமுளியில் ஒரு ஜீப் டிரைவர் பதறிப்போய் வீட்டு குரூப்பில் போடுகிறார். குற்றவாளி ஜீப் டிரைவர்! ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் புதிதாக அனுப்பினால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கலவரத்தைத் தூண்டியவனைப் பிடிக்க ஏதாவது வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இந்த வலையில் சிக்குவது பெரும்பாலும் பயந்துபோன சாதாரண ஆளாகத்தான் இருக்கும்.

ஃபார்வர்டுக்கு வேறு மருந்து ஒன்று இருக்கிறது, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். நாடெங்கும் இப்படிப் பல கொலைகள் நடந்த பிறகு, ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் தள்ள முடியாதபடி செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்றாக்கியதும், அப்படிப்பட்ட செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே சொன்னது. யாரையும் பிடிக்கவில்லை, யார் பேரையும் கேட்கவில்லை. கொஞ்சம் நிதானப்படுத்தினார்கள், அவ்வளவுதான். இதை எங்கள் மனுவில் கட்டாயம் சேர்க்கச் சொன்னேன்.

நான்காவது, கம்பெனியின் கழுத்தில் பொறுப்பைக் கட்டுவது. அதே 2021 விதிகளில் இதுவும் இருக்கிறது, சொல்லப்போனால் அந்த விதிகளில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இந்தியாவில் குடியிருக்கிற ஒரு குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். புகாரை 24 மணி நேரத்துக்குள் பெற்றதாகச் சொல்ல வேண்டும். அந்தரங்கப் படங்கள், ஆள்மாறாட்டம், உருமாற்றிய படங்கள் என்றால் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் இறக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021இல் எழுதியிருந்தார்கள் (2026 பிப்ரவரியில் இந்தக் கெடுவை இன்னும் குறைத்தார்கள்). இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2022இல் அந்தப் பிள்ளைக்கு 11 நாள் ஆனபோது இந்த விதி ஏற்கெனவே நடப்பில் இருந்தது! நாங்கள் ரிப்போர்ட் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தோம். குறைதீர் அதிகாரிக்குத் தனியாக எழுத வேண்டும் என்று எங்களுக்கும் தெரியாது, ஸ்டேஷனில் இருந்தவர்களும் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் மேல்முறையீட்டுக் குழுக்களையும் அமைத்தார்கள், கம்பெனியின் பதில் சரியில்லை என்றால் 30 நாளுக்குள் அங்கே போகலாம். அதைப் பற்றி என் கடைக்கு வருகிறவர்களில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டதில்லை.

இந்த வழியிலும் குழி இருக்கிறது, மறைக்க மாட்டேன். அரசு சொன்னதை இறக்காவிட்டால், பயனர் எழுதியதற்குக் கம்பெனி பொறுப்பில்லை என்கிற சட்டப் பாதுகாப்பு போய்விடும் என்று பயந்து, கம்பெனி கேட்டதற்கெல்லாம் தலையாட்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் வருகிற தடை உத்தரவுகளை ரகசியமாக வைக்கச் சொல்கிறது 2009ஆம் ஆண்டின் விதி. எழுதியவருக்கு ஏன் இறக்கினார்கள் என்பதே தெரியாமல் போகலாம். அரசின் சஹ்யோக் தளம் வழியாக வரும் நீக்க உத்தரவுகளை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. மறுபக்கம், தன்னைப் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்று மத்திய அரசே முடிவு செய்கிற உண்மை சரிபார்ப்புப் பிரிவை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கூரைப் படம் போட்ட பக்கத்துக்கு ஒரு ரகசிய உத்தரவு வந்திருந்தால் கம்பெனி ஒரு நிமிடம்கூட யோசித்திருக்காது. ஆகவே பாதிக்கப்பட்ட தனிமனிதர் கேட்பதையும், அதிகாரத்தில் இருப்பவர் கேட்பதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. முதலாவதில் வேகம் வேண்டும். இரண்டாவதில் எழுத்தில் காரணமும், எழுதியவருக்குத் தகவலும், நீதிபதியின் பார்வையும் வேண்டும்.

சரி, பேரைத் திறப்பது? பொதுவெளியில் இருக்கிற கணக்கு என்றால் அதன் பின்னால் போன் எண், மெயில், உள்ளே நுழைந்த இணைய முகவரி எல்லாம் கம்பெனியிடம் இருக்கும். குற்ற விசாரணையில் ஆவணத்தைக் கேட்டு வாங்க பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆம் பிரிவு இருக்கிறது, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91ஆக இருந்தது. போலிக் கணக்கு திறந்தவனைப் பிடிக்க எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை, எவருடைய ஆதாரும் தேவைப்படவில்லை. யாரும் கேட்கவில்லை, அதுதான் நடந்தது. அக்கம்பக்கத்தாரிடமிருந்து பேரை மறைப்பதும், சட்டத்தின் கைக்கு எட்டாமல் இருப்பதும் வேறு வேறு என்பதை வாசகசாலையில் விளக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது. முதலாவது எல்லோருக்கும் வேண்டும். இரண்டாவது யாருக்கும் இருக்கக் கூடாது. அந்தச் சாவி நீதிமன்றத்தில் இருக்கட்டும், எஸ்டேட் ஆபீஸிலோ கட்சி ஆபீஸிலோ வேண்டாம்.

ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாம் என்றவருக்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அவரே எழுந்து சொன்னார்: "பதினொரு நாள் எம் புள்ள சோறு திங்கல, சார்."

கடைசியில் நான்காவது வழிக்குத்தான் கைகள் அதிகம் உயர்ந்தன, ஆதாருக்குக் கை தூக்கியிருந்தவர்களில் சிலரும் மாறினார்கள். மனுவில் நாங்கள் கேட்டவை: ஆள்மாறாட்டப் புகாருக்கு விதியில் சொன்ன கெடு மீறினால் கம்பெனிக்கு அபராதம், அது பாதிக்கப்பட்டவர் கைக்குப் போக வேண்டும். தமிழும் மலையாளமும் கலந்து ஆங்கில எழுத்தில் எழுதுகிற எங்கள் பேச்சு புரிகிற ஆட்கள் புகார்ப் பிரிவில் இருக்க வேண்டும். வசவு எது, கொஞ்சல் எது என்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை. எல்லைத் தகராறு இல்லாமல் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும். புதிய சட்டம் அதற்கு வழி வைத்திருக்கிறது, நடைமுறைக்கு வர வேண்டும். கணக்கின் பேரைத் திறக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். குறைதீர் அதிகாரிக்கு எப்படி எழுதுவது என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேரள அரசின் அக்ஷயா இ-சேவை மையத்திலும் தமிழில் ஒட்டி வைக்க வேண்டும்.

தமிழில் எழுதினால் எடுத்துக்கொள்வார்களா என்று ஒருவர் கேட்டார். தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் கேரள அரசோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ளலாம் என்று 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் ஒரு நகலை மாநில அரசுக்கும் அனுப்பினோம். 43 பேர் கையெழுத்துப் போட்டார்கள். கூரைப் படம் போட்டவர் அந்த 43 பேரில் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.